இருபது தோட்டா

"நேராகச் சுடுவது ஆர்டிஸுக்கு,
இன்னொன்று டார்லாவுக்கு."
மெர்ல் எழுதிவைத்தது அவ்வளவுதான்.
எது நேராகச் சுடும் என்று
எழுத மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா.
உயிரோடிருந்த காலத்திலும்
அவனிடம் பாதி பதில்தான் வாங்கியிருக்கிறேன்.

லூயிஸ்டவுன் கடையில் ஒரே மதியம் வாங்கிய
இரண்டு ரைஃபிள்.
அடுத்தடுத்த எண்கள்; கடைசி இலக்கம் ஆறு, ஏழு.
ஒரே நீளம், ஒரே எடை, ஒரே கறுப்பு.
எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று,
இரண்டு குழலும் வலம்புரி.
முதல் மனைவி, இரண்டாம் மனைவி என்று
எங்களைப் பிரித்துப் பேசத் தெரிந்த ஊருக்கு
இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச். ஜல்லி தோண்டிக் கைவிட்ட பள்ளம்.
நூறு கஜத்தில் ஓரின் தாள் ஒட்டினார்.
நில அளவையில் முப்பத்தொரு வருஷம்;
கண்ணை நம்பமாட்டார், வெர்னியரை நம்புவார்.
குழலுக்குள் விளக்குக் கம்பி விட்டு
என்னைப் பார்க்கச் சொன்னார்.
ஆறில், கருவி இழுத்துப்போன கீறல்கள்,
மழை அறுத்த மண்பாதை மாதிரி.
ஏழில் ஒன்றுமில்லை. பூனை நக்கிவைத்த கிண்ணம்.
"ஆறோடு பழைய கருவி தேய்ந்து முடிந்திருக்கும்.
ஏழுக்குப் புதிது மாட்டியிருப்பார்கள்.
இதை வைத்து முடிவு கட்டாதே,
அசிங்கமான குழல் அழகாகச் சுட்டதைப் பார்த்திருக்கிறேன்."

ஏழு, டார்லாவின் படுக்கையறை மூலையில் நின்றது.
ஆறு, அவன் வண்டியில் கிடந்து
வக்கீல் வழியாக எனக்கு வந்தது.

"ஒரே கை, ஒரே பெட்டித் தோட்டா" என்றார் ஓரின்.
ஆக்ஸிஜன் உருளையை இரண்டு வருஷம்
திருகித் திருகி டார்லாவின் கை நடுங்கும்.
நான் படுத்தேன்.

சுட்ட கூட்டைத் தானே துப்பி
அடுத்ததைத் தானே விழுங்கி
என்னைக் கேட்காமல் தயாராகிவிடும் துப்பாக்கி.
விரல் மட்டும் என்னுடையது.

ஆறு: ஐந்து துளை, ஒன்பது நூல் அகலம்.
ஏழு: ஐந்து துளை, ஏழு நூல்.

குழல் ஆறட்டும் என்று காத்திருந்தோம்.
பனியை அள்ளி வைக்கப் போனேன், கூடாது என்றார்.
டார்லா ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி
எனக்கு நீட்டினாள்.
"கடைசி மாசம் ஏழைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னான்.
வேறெதற்கும் இல்லை.
எண்ணெய் வாசனை வேண்டுமாம்."

மறுபடி.
ஆறு: பத்து நூல்.
ஏழு: முதல் துளை. இரண்டாவது அதன் விளிம்பில்.
மூன்றாவது போன இடமே தெரியவில்லை,
பழைய துளைக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. நான்காவதும்.
தோளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது
உயிலில் உள்ள துப்பாக்கி எது என்று.

ஐந்தாவது மேலே, இடப்பக்கம், தனியாக.

பன்னிரண்டு நூல் என்றார் ஓரின்.
காற்று என்றார். சூடேறிய குழல் என்றார்.
தோட்டாவில் மருந்து கூடக் குறைய இருக்கும் என்றார்.
என்னை எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்,
இழுத்தேனா, இழுபட்டதா,
விரலுக்கு அதெல்லாம் நினைவிருக்காது.

பென்சிலைத் தொட்டுக்கொண்டு சராசரி போட்டார்.
ஆறு: ஒன்பதரை நூல்.
ஏழு: ஒன்பதரை நூல்.
மறுபடி போட்டார்.
"ஐந்தைந்தாகச் சுட்டால் இப்படித்தான்.
உண்மை தெரிய முப்பதாவது வேண்டும்."
நாங்கள் கொண்டுபோனது இருபது.

அவர் தாளை மடிப்பதற்குள்
டார்லா ஏழைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள்.
ஆறு என் முழங்காலில் கிடந்தது,
இன்னும் கொஞ்சம் சூடாக.

பித்தளைக் கூடுகள் விழுந்த இடத்திலெல்லாம்
பனியில் சின்னச் சின்னக் குழிகள்.
குனிந்து பொறுக்கினாள், உள்ளங்கையில் எண்ணினாள்.
பத்தொன்பது.
"ஒன்று குறைகிறது ஆர்டிஸ்."
நானும் இறங்கிப் பூட்ஸ் நுனியால்
பனியைக் கிளற ஆரம்பித்தேன்.